பானா, டானா, இம்மன்னா: பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தர எந்த வழி?

சனிக்கிழமை காலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் புத்தகம் புரட்ட எங்கள் வீட்டு வராந்தாவுக்கு வருவார்கள். போன மாதம் புதிதாக இருவர் சேர்ந்தார்கள்.

ஒருவனுக்கு ஐந்து வயது. உயிர், மெய், உயிர்மெய் எல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். 'படம்' என்று எழுதிக் காட்டினேன். "பானா, டானா, இம்மன்னா" என்றான், ஒரு பிழை இல்லாமல். சரி, சேர்த்துச் சொல்லு என்றேன். "பானாடானா..." என்று இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

இன்னொருத்திக்கு நாலரை வயது. யானையும் எறும்பும் வரும் ஒரு படக்கதையை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, குரலை ஏற்றி இறக்கி, "திடீரென்று ஒரு சத்தம் கேட்டது" என்று அச்சில் இருப்பதுபோலவே சொன்னாள். அசந்துபோனேன். ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து இது என்ன என்றேன். "அது தெரியாது. அம்மா படிக்கிறப்ப அங்க எறும்புன்னு வரும்" என்றாள்.

இரண்டு அம்மாக்களும் ஒரே கேள்வியோடுதான் வந்தார்கள். நாங்கள் செய்வது சரியா? இல்லை, பக்கத்துத் தெருவில் திறந்திருக்கும், எழுத்துக்கு ஒலி சொல்லிச் சேர்த்துப் படிக்கப் பழக்கும் ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்த்துவிடலாமா? பதினான்கு வருடம் ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை.

## எதை வைத்து அளப்பது

வழிகளைப் பார்ப்பதற்கு முன் அளவுகோலை முடிவு செய்துகொள்வோம். நான் நான்கு கேள்வி கேட்பேன்.

1. இதுவரை பார்த்திராத சொல்லைப் பிள்ளை தானே எழுத்துக்கூட்டிப் படிக்குமா?
2. படித்தது அதற்குப் புரியுமா?
3. ஆறு மாதம் கழித்தும் புத்தகத்தைத் தானாக எடுக்குமா?
4. வீட்டில் நமக்கு என்ன செலவு? பணம் மட்டுமில்லை. நேரம், பொறுமை, நம்முடைய தமிழ் எல்லாம் இதில் அடக்கம்.

முதல் இரண்டும்தான் முதுகெலும்பு. கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதிவிட்டார்கள்: வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனை மொழி புரியும் திறனால் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்தான். என் வராந்தாவுக்கு வந்த இருவரிடமும் காலியாக இருந்தது எழுத்தை ஒலியாக்கும் பக்கம்தான்: பையன் எழுத்தின் பெயரோடு நின்றுவிட்டான், அந்தப் பெண் கேட்ட கதையோடு நின்றுவிட்டாள்.

## முதலில் நம் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம்

ஃபோனிக்ஸ் பற்றி நம் காதில் விழுவதெல்லாம் ஆங்கிலத்துக்காகச் சொல்லப்பட்டவை. ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஏறக்குறைய 44 ஒலி. ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு ஒலி, ஒரே ஒலிக்கு நாலைந்து எழுத்துக்கூட்டு. ஐரோப்பிய மொழிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2003-இல் வந்த ஆய்வு ஒன்றில், ஃபின்னிஷ், இத்தாலியன், ஸ்பானிஷ் பிள்ளைகள் ஒரு வருடத்தில் பழகிய சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகப் படித்தார்கள். ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கிய ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் படித்தது 34. குறை பிள்ளைகளிடம் இல்லை, அந்த எழுத்துமுறையில்.

தமிழ் இதில் ஃபின்னிஷ் பக்கம் நிற்கிறது. எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி தெரியும். 247 என்ற எண்தான் பெற்றோரை மிரட்டுகிறது. ஆனால் பிள்ளையின் கண்ணுக்கு எத்தனை புது வடிவம் என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். உயிர் 12. அகரம் ஏறிய க, ங, ச வரிசை 18. புள்ளி, துணைக்கால், இகர ஈகாரச் சுழிகள், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என்று ஏழு குறி. கொ, கோ, கௌ எல்லாம் இவற்றையே சேர்த்து வைப்பதுதான். ஆய்தம் ஒன்று. மீதி கு, கூ வரிசை 36. மொத்தம் 74.

அந்த 36 மட்டும் உண்மையான தலைவலி. கு, டு, மு ஒரு மாதிரி வளையும். சு, பு, வு ஒரு மாதிரி கீழே இறங்கும். து, நு, லு வேறு மாதிரி. இதற்கு விதி சொல்லிக்கொடுத்துப் பயனில்லை, பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். ஒருகாலத்தில் ணா, றா, னா, ணை, லை போன்ற 13 எழுத்துகளும் இப்படித் தனித்தனி வடிவத்தில்தான் இருந்தன. பெரியார் 1935-இல் குடிஅரசு இதழில் தொடங்கிவைத்த சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றதால் நம் பிள்ளைகளுக்கு 13 விதிவிலக்கு குறைந்தது. உகர வரிசைக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

ஆக, எழுத்தை ஒலியாக்குவது தமிழில் ஒப்பீட்டளவில் மலிவு. விலை கூடியது வேறொன்று. நாம் பேசும் தமிழும் அச்சில் இருக்கும் தமிழும் வேறுவேறு. பிள்ளை பேசுவது "வந்துக்கிட்டு இருந்துச்சு". புத்தகத்தில் இருப்பது "வந்துகொண்டிருந்தது". "சென்றான்" என்பதை அது சரியாக எழுத்துக்கூட்டிப் படித்துவிடும். ஆனால் அது "போனான்"தான் என்று யார் சொல்வது? ஆங்கிலத்தை மனதில் வைத்துச் சொல்லப்படும் அறிவுரைகளில் இந்தச் சிக்கல் இருக்காது. இனி வழிகளை எடைபோடும்போது என் தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் காரணம் இதுதான்.

## வழி 1: அரிச்சுவடி வரிசை

அ முதல் ஃ வரை, பிறகு க் முதல் ன் வரை, பிறகு க, கா, கி, கீ. விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் 'அ' எழுதுவதில் தொடங்கி, நாம் எல்லோரும் வந்த வழி.

இதை முழுக்கக் கேலி செய்ய மாட்டேன். வரிசை மனதில் நின்றால் பின்னாளில் அகராதி பார்க்க உதவும். 'அ - அணில், ஆ - ஆடு' என்று சொல்லும்போது சொல்லின் முதல் ஒலியைத் தனியாகப் பிரித்துக் கேட்கும் பழக்கம் வருகிறது. அது நல்ல பயிற்சி. ஆத்திசூடி இந்த வரிசையில்தான் போகிறது, பாட்டாகச் சொன்னால் பிள்ளைக்குப் பிடிக்கும். பாட்டி, தாத்தா என்று வீட்டில் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம்.

முதல் அளவுகோலில்தான் சறுக்குகிறது. பன்னிரண்டு உயிரெழுத்தையும் முடித்த பிள்ளை அவற்றை மட்டும் வைத்துப் படிக்கக்கூடிய சொல் 'ஈ'. 'ஆ' என்றால் பசு என்று விளக்கினால் இரண்டு. 'அம்மா'வைப் படிக்கவே உயிர், மெய், ஆகாரக் கால் மூன்றும் வேண்டும். மாதக்கணக்கில் எழுத்து ஒப்பித்தும் ஒரு சொல்கூடக் கைக்கு வராது. நடுவில் ஙா, ஙி, ஙீ என்று எந்தச் சொல்லிலும் சந்திக்கவே போகாத எழுத்துகளுக்கு ஒரு வாரம் போகும்.

இதில் ஒளிந்திருக்கும் செலவு எழுத்தின் பெயர். 'ஆனா, ஆவன்னா, கானா, காவன்னா' என்பவை பெயர்கள், ஒலிகள் இல்லை. பானாவையும் டானாவையும் இம்மன்னாவையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்தாலும் படம் வராது. அந்தப் பையனுக்கு நேர்ந்தது அதுதான். நம் தலைமுறையில் பலர் அப்படித்தான் தொடங்கினோம், எப்படியோ ஒருநாள் பிடிபட்டுவிட்டது என்பது உண்மை. பிடிபடாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

## வழி 2: ஒலிவழி, சிறு கூட்டமாக எழுத்து

எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியை மட்டும் சொல்வது. வரிசைப்படி போகாமல், உடனே சொல் ஆகக்கூடிய நாலைந்து எழுத்தை எடுப்பது. கற்ற அன்றே சேர்த்துப் படிப்பது.

ட, ப, ம என்று நேர்கோடு மிகுந்த எழுத்துகளில் தொடங்குவது பல ஆசிரியர்களின் வழக்கம். எழுதவும் எளிது. அதோடு அ, ஒரு புள்ளி, ஒரு துணைக்கால். மொத்தம் ஆறு வடிவம். இதற்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்: அம்மா, அப்பா, மாமா, பாப்பா, படம், பாடம், மடம், மாடம், பட்டம், மட்டம், அப்பம். ஆறு வடிவத்தில் பதினொரு சொல். பத்து நாளில் இது கைவரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அடுத்து ர, க, ல வந்தால் மரம், கடல், பகல், காகம், பால், பல் என்று கூடிக்கொண்டே போகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆங்கில ஃபோனிக்ஸைப் பார்த்துத் தமிழுக்கும் க் + அ = க என்று நாலு வயதில் உடைத்துக் காட்டுகிறார்கள். அது இலக்கணம், வாசிப்பு இல்லை. நம் பிள்ளைகள் காதில் 'க' ஒரே துண்டாகத்தான் விழுகிறது. 'மரம்' என்று சொல்லிக் கைதட்டச் சொன்னால் ம, ரம் என்று தட்டும், அந்த அசைதான் அதற்குக் கைப்பிடி. ப, ட, ம் என்று துண்டு துண்டாகவே கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் மெய்யும் உயிரும் ஏழு வயதில் பிரியட்டும். கன்னடப் பிள்ளைகள் எழுத்து கற்கும் வேகத்தை ஆராய்ந்த சோனாலி நாக், இந்த வகை எழுத்துமுறையில் கற்றல் பல வகுப்புகளுக்கு நீளும் என்று 2007-இல் எழுதினார். ஆகவே ஒன்றாம் வகுப்பு முடியும் முன் எல்லா எழுத்தும் முடிந்துவிட வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம்.

இரண்டு இடத்தில் பிள்ளை தடுக்கும். ஒன்று கொம்பு. 'கேள்' என்பதில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது க-வை. இடமிருந்து வலமாகப் போகப் பழகிய பிள்ளை "ஏ-க-ள்" என்று சொல்வதில் வியப்பில்லை. 'கே' என்பதை ஒரே அட்டையில் ஒட்டிக் காட்டினால் சரியாகும். இன்னொன்று க, ச, ட, த, ப. பக்கம், பங்கு, பகல் மூன்றிலும் க ஒலிப்பது மூன்று விதம். தமிழ் பேசும் வீட்டில் இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். ப-ன்-து என்று அழுத்திப் படித்த அடுத்த நொடியே "ஓ, பந்து!" என்று தானே திருத்திக்கொள்ளும். அந்தச் சொல் காதில் ஏற்கெனவே இருந்தால்தான் அது நடக்கும் என்பதைக் கவனியுங்கள்.

செலவு? கடையில் கிடைக்கும் பெரும்பாலான அட்டைகளும் பயிற்சிப் புத்தகங்களும் அரிச்சுவடி வரிசையில்தான் இருக்கின்றன. இந்த வழிக்கு நீங்களே பழைய காலண்டர் அட்டையை வெட்டி எழுத வேண்டியிருக்கும். தினமும் பத்து நிமிடம் பிசகாமல் உட்கார வேண்டும். இது மட்டும் என்றால் மூன்றே வாரத்தில் பிள்ளைக்கு அலுத்துவிடும். புரிதலுக்கும் இந்த வழி தானாக ஒன்றும் செய்யாது.

## வழி 3: முழுச்சொல் அட்டை

ஒரு பக்கம் படம், மறுபக்கம் சொல். பார்த்ததும் சொல்ல வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளை நாற்பது அட்டையைச் சொல்வதாகக் காணொளி வரும், உறவினர் கைதட்டுவார்கள்.

சீக்கிரம் முடித்துவிடுகிறேன். தமிழுக்கு இது பொருந்தாது. 'மரம்' என்ற வடிவத்தை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு மரத்தை, மரத்தில், மரத்திலிருந்து, மரங்களுக்கும் எல்லாம் புதுப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் அட்டை போட்டால் வீடு கொள்ளாது. தன் பெயர், அம்மா, அப்பா, தெருப் பெயர், பேருந்தில் ஊர்ப் பெயர் என்று பத்துப் பதினைந்து சொல்லுக்கு மட்டும், எழுத்து என்றால் ஏதோ சொல்கிறது என்ற உணர்வு வருவதற்காக, வைத்துக்கொள்ளலாம்.

## வழி 4: ஆங்கில ஃபோனிக்ஸ் வகுப்பு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், பல வீடுகளில் 'வாசிக்கக் கற்றுத்தருவது' என்றாலே இதைத்தான் நினைக்கிறார்கள். ஜாலி ஃபோனிக்ஸ் போன்ற திட்டங்கள் 42 ஒலியை ஏழு கூட்டமாகப் பிரித்து, முதல் கூட்டத்திலேயே சொல் சேர்க்க வைக்கின்றன. ஆங்கில எழுத்துமுறையின் குழப்பத்துக்கு இது தேவையான மருந்துதான். அமெரிக்காவில் 2000-இல் வந்த தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையும் முறையாக ஒலி கற்பிப்பதை ஆதரித்தது. ஆனால் அதே அறிக்கை சொன்னது ஐந்து தூண்கள். ஒலியை உணர்வது, எழுத்தோடு இணைப்பது, சரளம், சொல்வளம், புரிதல். நம் தெரு விளம்பரப் பலகையில் முதல் இரண்டுதான் இடம்பெறுகின்றன.

இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதையொட்டிய பிள்ளைகளுக்கு ஒரு சிறு சோதனை வைக்கிறார்கள். மொத்தம் 40 சொல். அதில் 20 வேண்டுமென்றே பொருளில்லாத சொல், பிள்ளை மனப்பாடமாகச் சொல்கிறதா, உண்மையிலேயே ஒலிகூட்டுகிறதா என்று பார்ப்பதற்காக. வீட்டில் ஆங்கிலமே கேட்காத நம் பிள்ளைக்கு அந்த 40-உமே பொருளில்லாத சொல்தான். 'ஹென்', 'வெட்', 'மக்' என்று அழகாகப் படிக்கும். ஹென் கொக்கரிக்குமா என்று கேட்டால் தெரியாது.

ஒளிந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, ஒரு 'லெவல்' முடிந்தால் அடுத்த லெவலுக்குத் தனிக் கட்டணம், புத்தகத்துக்குத் தனி. இரண்டாவது, நம் நாக்கு. தமிழில் வல்லின மெய் சொல்லின் கடைசியில் தனியாக நிற்பதில்லை, ஒரு 'உ' ஒட்டிக்கொள்ளும். அதனால் பல வகுப்புகளில் ஒலி சொல்லித்தருகிறவர்களே ப் என்பதைப் 'பு' என்றும் ட் என்பதை 'டு' என்றும் சொல்கிறார்கள். பூனைக்கான ஆங்கிலச் சொல் 'கேட்'டைப் பிள்ளை கு-ஆ-டு என்று சேர்த்தால் பூனை வராது, 'குவாடு'தான் வரும். பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து காதால் கேளுங்கள். மெய் மெய்யாக ஒலித்தால் பணம் கட்டலாம்.

## வழி 5: வாசித்துக் காட்டுதல்

மடியில் உட்கார வைத்துப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவது. கதை சொல்வது வேறு, இது வேறு. இரண்டும் வேண்டும். ஆனால் கதை சொல்லும்போது பேச்சுத் தமிழ் வரும், படித்துக் காட்டும்போதுதான் அச்சுத் தமிழ் காதில் ஏறும்.

என் மூத்தவளுக்கு அரிச்சுவடியும் பயிற்சிப் புத்தகமும். இளையவனுக்கு இரண்டு வயதிலிருந்தே இரவில் இரண்டு புத்தகம். மூத்தவள் ஐந்தரை வயதில் நன்றாக எழுத்துக்கூட்டுவாள், படித்து முடித்ததும் என்ன படித்தாய் என்றால் விழிப்பாள். இளையவன் எழுத்துக் கற்றது ஒரு வருடம் பிந்தித்தான். ஆனால் கற்ற நான்காவது மாதம் முழுப் புத்தகம் படித்தான். "புறப்பட்டது" என்ற சொல்லை எழுத்துக்கூட்டும்போதே, பாதியில், முடித்துவிடுவான். அது அவன் காதில் ஐம்பது முறை விழுந்த சொல். இரண்டு பிள்ளைகளை வைத்து ஆய்வு எழுத முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வகுப்பிலும் இதையே பார்த்தேன்: வீட்டில் படித்துக் காட்டக் கேட்ட பிள்ளைகள் "சென்றான்", "கூறினாள்", "ஆகவே" வரும் இடத்தில் நிற்பதில்லை.

எப்படிப் படிப்பது? எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன். முதல்முறை படங்களைக் காட்டிப் பேச்சுத் தமிழில் கதையைச் சொல்லிவிடுங்கள். அடுத்த முறையிலிருந்து அச்சில் இருப்பதை இருப்பதுபோலவே படியுங்கள். "சென்றான்" என்பதைப் "போனான்" என்று மாற்றாதீர்கள், தேவைப்பட்டால் பக்கத்தில் "போனான்ல, அதான்" என்று ஒரு வார்த்தை போதும். வரிக்குக் கீழே விரலை ஓட்டுங்கள். நடுவில் நிறுத்தி "அடுத்து இது என்ன செய்யும்?", "இவன் முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேளுங்கள். ஒரே புத்தகத்தை முப்பதாம் முறை கேட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு படியுங்கள். அந்த முப்பதாம் முறையில்தான் சொல் ஊறுகிறது. கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் வேலை மட்டும் வேண்டாம்.

இதன் பலவீனம் அந்தப் பெண்ணிடம் பார்த்ததுதான். ஆயிரம் மணி நேரம் கேட்டாலும் எழுத்து தானாக வந்துவிடாது. சில பிள்ளைகளுக்கு வரும், அவர்களைப் பற்றித்தான் நாம் கேள்விப்படுகிறோம். பெரும்பாலோருக்கு யாராவது உட்கார்ந்து 'இது ப' என்று சொல்லித்தர வேண்டும்.

செலவு புத்தகம் என்று நினைப்போம். அது சிறிய செலவு. நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா, பிரதம் புக்ஸ் வெளியிடும் தமிழ்ப் படக்கதைகள் ஒரு பிறந்தநாள் கேக்கின் விலையில் ஒரு கட்டு வரும். பிரதமின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிநிலைப் புத்தகங்களைப் பற்றி ஆசிரியரிடம் கேளுங்கள்.

உண்மையான செலவு, வேலை முடிந்து வந்த இரவு ஒன்பது மணிக்கு உங்களிடம் மிச்சமிருக்கும் குரல். இன்னொன்றும் இருக்கிறது, யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். ஆங்கில வழியில் படித்து வந்த இளம் பெற்றோர் பலருக்குத் தமிழ் வாசிப்பு தட்டுத்தடுமாறித்தான் வரும். பிள்ளைக்கு முன் திக்க வெட்கமாக இருக்கிறது என்று ஒரு அப்பா என்னிடம் சொன்னார். முதல்நாள் தனியாக ஒருமுறை படித்துப் பாருங்கள் என்றேன். மூன்று வயதுப் பிள்ளை உங்கள் உச்சரிப்புக்கு மதிப்பெண் போடாது.

## ஒரே பார்வையில்

| வழி | புதுச் சொல்லைத் தானே படிப்பது | அச்சுத் தமிழ் புரிவது | ஆசை | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| அரிச்சுவடி வரிசை | மிக மெதுவாக | உதவாது | பாட்டாக இருக்கும்வரை | பெயருக்கும் ஒலிக்கும் குழப்பம் |
| தமிழ் ஒலிவழி | விரைவாக | உதவாது | சொல் கூடும்வரை நன்று, பிறகு அலுப்பு | அட்டை செய்யும் வேலை, தினசரி ஒழுங்கு |
| முழுச்சொல் அட்டை | வராது | கொஞ்சம் | தொடக்கத்தில் மட்டும் | விகுதி சேர்ந்ததும் பயனற்றுப்போகும் |
| ஆங்கில ஃபோனிக்ஸ் | ஆங்கிலத்துக்கு உதவும் | பொருந்தாது | வகுப்பைப் பொறுத்தது | தொடர் கட்டணம், 'பு', 'டு' உச்சரிப்பு |
| வாசித்துக் காட்டுதல் | தனியாக வராது | நன்றாக | அதிகம் | பெற்றோரின் நேரம், குரல், தமிழ் |

## எந்த வீட்டுக்கு எது

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று கேட்டால்: நேரத்தில் முக்கால் பங்கு வாசித்துக் காட்டுவதற்கு, கால் பங்கு ஒலிவழிக்கு. இருபது நிமிடம் புத்தகம் என்றால் ஆறேழு நிமிடம் அட்டை. இங்கிலாந்துக்காரர் கணக்கை வேறுமாதிரி போடலாம், அவர்கள் எழுத்துமுறையோடு மல்லுக்கட்ட வேண்டும். நமக்கு மலிவாக வருவதற்குக் குறைந்த நேரமும், அரிதாக வருவதற்கு அதிக நேரமும் கொடுப்பதுதான் கணக்கு. ஆனால் வீடு எல்லாம் ஒன்றில்லை.

மூன்று வயதுக்குள் என்றால் அட்டையே வேண்டாம். படித்துக் காட்டுங்கள், பாடுங்கள், எதுகை விளையாட்டு விளையாடுங்கள். பல், கல், நெல் என்று கடைசி ஒலி ஒன்றாக வரும் சொல்லைக் கண்டுபிடிப்பதும் வாசிப்புப் பாடம்தான்.

ஐந்தரை, ஆறு வயதாகி, எழுத்து ஒப்பிக்கிறது, சொல் வரவில்லை என்றால் விகிதத்தைத் தலைகீழாக்குங்கள். இரண்டு மாதம் ஒலிவழிக்கே முதலிடம். எழுத்தின் பெயரைச் சொல்வதை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும், தாத்தா உட்பட. பள்ளியில் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பு நடந்தால் பிள்ளை அரும்பு, மொட்டு, மலர் மூன்றில் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு, அங்கிருந்து தொடங்குங்கள்.

ஆங்கில வழிப் பள்ளி, வீட்டில் தமிழ் மட்டும்: பெரும்பாலோர் நிலை இதுதான். தமிழில் முதலில் வாசிக்க வையுங்கள். எழுத்தைச் சேர்த்தால் சொல் வரும் என்ற சூட்சுமம் ஒரு மொழியில் பிடிபட்டால் போதும், அடுத்த மொழிக்கு அது கூடவே போகும். எளிய எழுத்துமுறையில் அதைக் கற்பது லாபம். ஆங்கில ஃபோனிக்ஸை ஆறு மாதம் தள்ளி வையுங்கள், அதுவரை ஆங்கிலப் படக்கதையைப் பேசிக் காட்டி, நாலு சொல்லுக்காவது பொருள் தெரிய வையுங்கள்.

சிங்கப்பூரிலோ டொரொன்டோவிலோ வளரும் பிள்ளை, வீட்டில் தமிழ் குறைவு என்றால் நிலைமை வேறு. பந்து என்பதைப் பன்து என்று படித்துவிட்டு "ஓ, பந்து!" என்று திருத்த அதன் காதில் பந்து இல்லை. சனிக்கிழமை வகுப்பில் எழுத்தை வேகமாகப் படிக்கும், ஒன்றும் புரியாது. அங்கே முதல் ஒரு வருடம் பேச்சும் கதையும் மட்டும் இருக்கட்டும். எழுத்து காத்திருக்கும்.

வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது என்றால் படங்களை வைத்துக் கதை சொன்னாலே பாதி வேலை முடிந்தது. மீதிக்கு நூலகம், பக்கத்து வீட்டு அக்கா, சொல்லித்தரும் தன்னார்வலர் என்று யாரையாவது பிடிக்கலாம்.

ஒரு வருடம் முறையாகச் சொல்லிக்கொடுத்தும், ஏழு வயது நெருங்கியும், பத்து எழுத்துகூட நிலைக்கவில்லை, எதுகை பிடிபடவில்லை என்றால் வழியை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். முதலில் கண்ணும் காதும் பரிசோதியுங்கள், பிறகு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு பற்றித் தெரிந்தவரைப் பாருங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்காகவே இருக்கிறது. சோம்பேறி என்ற சொல்லை மட்டும் யாரும் வாயில் எடுக்க வேண்டாம்.

பானா டானா பையனுக்கு அந்த ஆறு வடிவத்தையும் காலண்டர் அட்டையில் எழுதிக் கொடுத்தனுப்பினேன். பெயர் சொல்லக்கூடாது, ஒலி மட்டும் என்று அவன் அம்மாவிடமும் சொன்னேன். இரண்டு சனிக்கிழமை கழித்து வந்தவன் அட்டைகளைத் தரையில் பரப்பி, மா-ட-ம் என்று நிதானமாகச் சேர்த்தான். "மாடம்!" என்று கத்திவிட்டு, "மாடம்னா என்ன அத்தை?" என்றான். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் காட்ட ஒரு மாடம் இல்லை. சாக்பீஸை எடுத்துத் தரையில் எங்கள் பாட்டி வீட்டுச் சுவரை வரைந்து, அதில் ஒரு குழி வரைந்து, உள்ளே விளக்கு வைத்தேன். எறும்புக் கதைக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.